நமக்குப் பிடிச்ச பாட்டு காதுக்குப் பிடிச்சதா, கூட்டத்துக்குப் பிடிச்சதா?

பழைய கேசட்:
ரொம்ப நாளா மண்டைல ஓடிட்டிருக்கு, இங்க போட்டுடறேன், அடிக்க வராதீங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார், பெரம்பூர் பக்கம் வீடு, நல்ல மனுஷன், பாட்டுன்னா உசுரு. அவர் தெருவுல சாவு விழுந்தா ராத்திரி பூரா கானா ஓடும், மறுநாள் கண்ணு செவந்து வந்து "இதெல்லாம் ஒரு பாட்டா சார், காட்டுக்கத்தல்"ம்பார். அதே மனுஷன் டீம் அவுட்டிங் பஸ்ல சினிமா கானா ஒண்ணு ஓடுச்சுன்னா முதல் ஆளா எந்திரிச்சு ஆடுவார். தாளம் அதே, இழுப்பு அதே, சில நேரம் பாடுற ஆளே அதே ஏரியாலேந்து வந்தவரு. அப்ப அவருக்குப் பிடிக்காதது பாட்டா, இல்ல பாட்டைச் சுத்தி நிக்கற ஆளுங்களா?

என் கட்சி இதுதான்: ஒரு பாட்டு பிடிக்குது பிடிக்கலன்னு நாம சொல்றப்போ பாதிக்கு மேல "நான் இந்தக் கூட்டம், அந்தக் கூட்டம் இல்ல"ன்னுதான் சொல்லிட்டிருக்கோம். பிடிச்ச பாட்டை விட பிடிக்காத பாட்டுல இது பளிச்சுனு தெரியும். யாரு மாதிரி நம்மளை நெனச்சுடக் கூடாதுன்னு பயமோ அவங்க பாட்டு நமக்கு இரைச்சல். மாற்றுக் கருத்து இருந்தா வாங்க, அதுக்குத்தான் இழை.

எட்டரைக் கட்டை:
சார், ராத்திரி மூணு மணிக்குத் தூங்க விடலன்னா யாருக்குன்னாலும் எரிச்சல் வரும். எனக்கு மதுரை மணி ஐயர்னா கடவுள், அவரையே கூம்பு ஸ்பீக்கர்ல கட்டி மூணு மணிக்கு விட்டா நானும் போலீசுக்கு போன் போடுவேன். இதுல போய் கூட்டம் சாதி எல்லாம் தேடறது கொஞ்சம் ஓவர். ரசனைங்கறது பழக்கம், பயிற்சி. முப்பது வருஷம் கச்சேரி கேட்டவன் காதும் கேக்காதவன் காதும் ஒண்ணா? நான் ஒரு ராகம் ஆரம்பிச்ச ரெண்டாவது பிடிலயே பேரைச் சொல்லிடுவேன், அது கூட்டம் குடுத்தது இல்ல, உக்காந்து கேட்டு வந்தது.

பிராட்வே பையன்:
மார்கழில விடியக்காலம் நாலரைக்கு கோயில் ஸ்பீக்கர் எங்க தெருவுல அலறும் ஐயா, அதுக்கு ஒரு மாசம் யாரும் போன் போடறதில்ல. சாவு வீட்டுல ஒரு ராத்திரி பாடுனா நியூசன்ஸ் ஆயிடுது. அவ்ளோதான் சொல்ல வந்தேன்.

சரி, கானா என்னன்னே தெரியாம பேசிட்டிருக்கோம்னு தோணுது. சினிமால வர்றது கானாவோட ரீமிக்ஸு. எங்காண்ட நடக்கறது வேற. பொணத்தை ஐஸ் பாக்ஸ்ல வெச்சு ஷாமியானா கட்டி, ராத்திரி பத்து மணிக்கு மேல உக்காருவாங்க, ஒரு டோலக், ஒரு சட்டி, கைத்தட்டு, சில செட்டுல கீபோர்டு. பாடறவன் வந்த உடனே செத்தவர் பேரு, பொண்டாட்டி பேரு, பசங்க பேரு, என்ன வேலை பார்த்தாரு, யாரோட சண்டை எல்லாம் கேட்டுப்பான், கேட்டு அப்பவே பாட்டுல கோப்பான். முதல்ல சாமி பாட்டு, அதுல முருகனும் வருவார் ஏசுவும் வருவார் நாகூர் ஆண்டவரும் வருவார், அம்பேத்கர் கட்டாயம் வருவார். ராயபுரத்துல அடங்கியிருக்கற குணங்குடி மஸ்தான் சாகிபு பாட்டோட வாடை எங்க கானால இருக்குன்னு பெரியவங்க சொல்வாங்க. ரெண்டு மணிக்கு மேல தான் மரண கானா சூடு பிடிக்கும், அழுவாத ஆளு அழுவான். அந்தப் பாட்டை ராகம் சரியில்ல சுருதி சேரலன்னு யாராச்சும் சொன்னா எனக்கு சிரிப்பு தான் வரும், அங்க உக்காந்திருக்கறவனுக்கு அவங்க அப்பா பேரு பாட்டுல வருது, அதுக்கு மேல என்ன சுருதி.

இன்னொண்ணு, காலேஜ் ரூட்டு கானா. ஒவ்வொரு பஸ் ரூட்டுக்கும் ஒரு செட்டு, ஒரு ரூட்டு தல, பஸ் தகரத்தைத் தட்டிக்கினே நம்ம ரூட்டு நம்பரு நம்ம காலேஜு பேரு வெச்சு பாடணும், எதிர் காலேஜ்காரனைக் கலாய்க்கணும். நான் பாடுனது அந்தப் பாட்டு உலகத்துலயே நல்ல பாட்டுன்னு இல்ல, பாடலன்னா பின் படிக்கட்டுல எனக்கு இடம் கிடையாது. அப்புறம் அதுவே பிடிச்சிப் போச்சு. அதனால கேசட் அண்ணன் சொல்றது எனக்கு சரின்னு படுது. (அந்தச் செட்டுல கத்தியெடுத்த பசங்க பண்ணதை நான் நியாயப்படுத்தல, அதையும் இப்பவே சொல்லிக்கறேன், பின்னாடி யாரும் அதைப் புடிச்சுக்கினு வராதீங்க.)

தரவு தங்கராசு:
வழக்கம்போல நான் ஆராய்ச்சி மூட்டையோட வந்துட்டேன், பிடிக்காதவங்க ஸ்க்ரோல் பண்ணிடுங்க.

1971ல ஹென்றி தாஜ்ஃபெல்னு ஒரு உளவியல் ஆளும் அவர் கூட்டாளிங்களும் ஒரு கட்டுரை போட்டாங்க. பிரிட்டன்ல பிரிஸ்டல் பக்கம் ஸ்கூல் பசங்களைக் கூப்பிட்டு ரெண்டு ஓவியர் படங்களைக் காட்டுனாங்க, பால் க்ளே, காண்டின்ஸ்கி. யாரு வரைஞ்சதுன்னு சொல்லாம எது பிடிக்குதுன்னு கேட்டாங்க. அப்புறம் நீ க்ளே குரூப்பு நீ காண்டின்ஸ்கி குரூப்புன்னு பிரிச்சாங்க, ஆனா பிரிச்சது சும்மா குலுக்கல் முறைல, பசங்க சொன்ன பதிலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்புறம் பசங்க கையில காசு பங்கு போடற வேலையைக் குடுத்தாங்க. தன் குரூப்புல யாரு இருக்கான்னே தெரியாது, மூஞ்சி பார்த்ததில்ல, தனக்கு ஒரு பைசா வராது, அப்பவும் தன் குரூப்புக்கே அதிகம் போட்டானுங்க. அதை விடக் கொடுமை, தன் குரூப்புக்கு மொத்தமா கொஞ்சம் கம்மியா வந்தாலும் பரவால்ல, எதிர் குரூப்பை விட நமக்கு வித்தியாசம் பெருசா இருக்கணும்னு போட்டானுங்க. ஓவிய ரசனைன்னு ஒரு லேபிள் ஒட்டுனதுக்கே இது.

பாட்டுக்கு நேரடியா ஒண்ணு இருக்கு. 2006ல சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ்னு மூணு பேர் இன்டர்நெட்ல ஒரு சைட் போட்டாங்க, யாருக்கும் தெரியாத பேண்டுகளோட 48 பாட்டு, கேட்டவங்க 14,000 பேருக்கு மேல. ஒரு பகுதி ஆளுங்களுக்கு வெறும் பாட்டு மட்டும். மத்தவங்களை எட்டு தனித்தனி உலகமா பிரிச்சு, அந்தந்த உலகத்துல இதுவரைக்கும் எத்தனை பேர் டவுன்லோட் பண்ணாங்கன்னு காட்டுனாங்க. எட்டு உலகத்துலயும் ஹிட்டு வேற வேற. தனியா கேட்டவங்க 26ஆவது இடம் குடுத்த ஒரு பாட்டு ஒரு உலகத்துல முதல் இடம், இன்னொரு உலகத்துல 40ஆவது இடம். ரொம்ப நல்ல பாட்டு அடிமட்டத்துக்கு அதிகம் போகல, ரொம்ப மோசமானது மேல அதிகம் வரல, நடுவுல இருக்கறதுக்கு எது வேணா நடக்கும்.

ஆக எட்டரை சார் சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, பாட்டுல சரக்கே இல்லன்னா கூட்டம் தூக்கி நிறுத்தாது. ஆனா நாம தெனம் கேக்கறதுல முக்காவாசி நடுவுல இருக்கற சரக்கு தானே.

டபுள் பேஸ்:
நான் மதுரைல உக்காந்து இருவது வருஷமா மெட்டல் கேக்கறேன். எங்க வீட்ல யாரும் கேக்கல, தெருவுல யாரும் கேக்கல, சாதிசனம் யாரும் கேக்கல. நான் எந்தக் கூட்டம்? எனக்கு அந்த கிட்டார் சத்தம் பிடிச்சுது, கேட்டேன், முடிஞ்சுது. எல்லாத்தையும் சமூகவியலா ஆக்காதீங்கப்பா.

பழைய கேசட்:
@டபுள் பேஸ் தம்பி, கருப்பு டீசர்ட்டு இருக்கா இல்லையா?

டபுள் பேஸ்:
இருக்கு. நாலு. அதுக்கும் இதுக்கும் என்ன.

பிராட்வே பையன்:
ஹாஹாஹா முடிஞ்சுது கேஸு

தரவு தங்கராசு:
தம்பியை விடுங்க, ஆனா ஒண்ணு சொல்றேன். தெருவுல யாரும் கேக்காததைக் கேக்கறதும் ஒரு கூட்டம் தான், தெருவுல இல்லாத கூட்டம். பெங்களூர்ல ஒரு ஷோவுக்குப் போனா அங்க உங்களை மாதிரி ஆயிரம் பேரு இருப்பாங்க, அன்னைக்கு வர்ற சந்தோஷம் வெறும் கிட்டார் சந்தோஷமான்னு நீங்களே சொல்லுங்க.

மெட்டலைப் பத்தியே ஒரு ஆராய்ச்சி இருக்கு, பெத்தனி பிரைசன்னு ஒரு அம்மா அமெரிக்கால 1996ல எழுதுனது. நெறைய படிச்சவங்க "எனக்கு எல்லா மியூசிக்கும் பிடிக்கும்"னு பெருமையா சொல்றாங்க, உண்மையிலயே அவங்களுக்குப் பிடிக்காத வகைகள் கம்மி தான். ஆனா எதைத் தள்ளறாங்கன்னு பார்த்தா ராப், ஹெவி மெட்டல், கன்ட்ரி, காஸ்பல், அதாவது எதுக்கு ரசிகர்கள்ல படிப்பு கம்மியோ கரெக்டா அதையே. நம்ம ஊர்ல "நான் எல்லாம் கேப்பேன், குத்துப்பாட்டு மட்டும் ஆகாது"ன்னு சொல்ற ஆளை எத்தனை பேரு பார்த்திருக்கீங்க? கை தூக்குங்க.

ஓய்வூதியன்:
கொஞ்சம் பழைய கதை சொல்லலாமா. நான் சென்னைல காலேஜ் படிச்சது எழுபதுகளோட முதல் பாதில. 1965ல இந்தி எதிர்ப்புப் போராட்டம், 67ல ஆட்சியே மாறுனது, எங்க அண்ணன்மாருங்க எல்லாம் ஸ்டேஷன் பலகைல தார் பூசுன ஆளுங்க. அந்தச் சூடு ஆறாத ஊர்ல எங்க ஹாஸ்டல்ல என்ன ஓடும்னு நினைக்கறீங்க? இந்திப் பாட்டு. 'ஆராதனா' பாட்டு, 'பாபி' பாட்டு, 'யாதோன் கி பாராத்' பாட்டு. ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது, இந்தி ஒழிகன்னு கோஷம் போட்ட வாய் தான், கிஷோர் குமார் மாதிரி இழுத்துப் பாடும். புதன்கிழமை ராத்திரி ஆனா இலங்கை வானொலில பினாகா கீத்மாலாவைப் பிடிக்க டிரான்சிஸ்டரை ஜன்னல்ல வெச்சு திருப்புத் திருப்புன்னு திருப்புவோம்.

அப்ப தமிழ்ல நல்ல பாட்டு இல்லையா? எம்.எஸ்.வி. உச்சத்துல இருந்த நேரம்யா! இன்னைக்குக் கேட்டா கண்ணுல தண்ணி வருது. ஆனா டி.எம்.எஸ். குரல்னா அது அப்பாவோட குரல், மாமாவோட குரல். பேண்ட்டு அகலமா போட்டு முடி வளத்தவன் அப்பா பாட்டை எப்படிப் பாடுவான். தமிழ்ப்பாட்டு முணுமுணுத்தா "ஊர்லேந்து இப்பத்தான் பஸ் எறங்குனியா"ன்னு கேப்பானுங்க, நானும் ஊர்லேந்து பஸ் எறங்குனவன் தான், அதனால எல்லாரையும் விட சத்தமா இந்திப் பாட்டு பாடுவேன்.

1976ல 'அன்னக்கிளி' வந்துச்சு. சுத்தமான கிராமத்து மெட்டு, எந்த ஊர்வாடையை மறைக்க இந்திப் பாட்டு பாடுனோமோ அதே வாடை. ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்பிடுச்சு, டீக்கடைக்கு டீக்கடை இளையராஜா பாட்டு. ஏன்னு யோசிச்சா, அந்த மனுஷனோட திறமை ஒண்ணு, அதுல சந்தேகமே வேணாம். ஆனா கூடவே, முதல் தலைமுறையா காலேஜுக்கும் வேலைக்கும் டவுனுக்கு வந்த என்னை மாதிரி ஆளுங்க கூட்டம் கூடிப் போச்சு. நாங்க சிறுபான்மையா இருந்தப்போ மறைச்சோம், பெரும்பான்மை ஆனதும் வெளிய எடுத்தோம். இது என் கணிப்பு, தரவு தம்பிகிட்ட இருக்கற மாதிரி எங்கிட்ட டேபிள் எல்லாம் இல்ல.

எட்டரைக் கட்டை:
ஓய்வூதியன் ஐயா அருமை. ஆனா சினிமாப்பாட்டு ஃபேஷன் மாதிரி மாறிட்டுப் போகும், அதுல கூட்டம் இருக்குன்னா ஒத்துக்கறேன். சாஸ்திரிய சங்கீதம் அப்படி இல்ல.

பழைய கேசட்:
அங்க தான் சார் பெரிய கூட்டமே. தமிழிசை இயக்கத்தை எடுத்துக்குங்க. 1941ல அண்ணாமலை நகர்ல மாநாடு, 1943ல சென்னைல தமிழ் இசைச் சங்கம், ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னால நின்னு நடத்துனது. கேட்டது என்ன, மேடைல தமிழ்ப் பாட்டும் பாடுங்க, கடைசில துக்கடாவா மட்டும் தள்ளாதீங்க, அவ்ளோதான். கல்கி, ராஜாஜி, டி.கே.சி. எல்லாம் ஆதரிச்சாங்க. எதிர்ப்பு எப்படி வந்துச்சுன்னு பழைய பத்திரிகை எடுத்துப் பாருங்க. ராகம் அதே, தாளம் அதே, பாடற வித்வான் அதே, பாஷை மட்டும் மாறுச்சு, அதுக்கே சங்கீதத்தோட தரம் போயிடும்னு சண்டை. முழுக்க காது விஷயம்னா இந்தச் சண்டையே வந்திருக்கக் கூடாதே?

எட்டரைக் கட்டை:
அதை அவ்வளவு சுலபமா முடிச்சுட முடியாது. தஞ்சாவூர்ல நாயக்கர், அப்புறம் மராட்டிய அரண்மனை, தெலுங்கும் சமஸ்கிருதமும் தான் வித்வத்துக்கு பாஷையா இருந்துச்சு. தியாகராஜர் பாடுனது தெலுங்குல. குருகிட்ட சிஷ்யன் கத்துக்கிட்டது அந்தக் கிருதிகள், அவன் தலைமுறை தலைமுறையா மெருகேத்துனது அதை. புதுசா தமிழ்ல எழுதித் தந்தா அதே கனம் ஒரு நாள்ல வந்துடாது, அந்தக் கவலையும் அவங்களுக்கு இருந்துச்சு. எல்லாம் வெறும் சாதித் திமிர்னு சுருக்கறது நியாயம் இல்ல. அது இல்லவே இல்லன்னும் சொல்ல வரல.

ஒண்ணு நான் கண்ணால பார்க்கறது சொல்றேன். டிசம்பர்ல மியூசிக் அகாடமிலயும் சீசன், பாரிமுனைல ராஜா அண்ணாமலை மன்றத்துலயும் தமிழிசை விழா. நான் ரெண்டுக்கும் போவேன். ரெண்டுலயும் பாடற வித்வான்ல பல பேர் பொது, உக்காந்திருக்கற ஜனம் பொது இல்ல. கேன்டீன் பேச்சு கூட வேற மாதிரி இருக்கும். அகாடமில பக்கத்து சீட் ஆளு "பைரவில அந்த நிஷாதம்"னு ஆரம்பிப்பார், மன்றத்துல பண் ஆராய்ச்சி, தேவாரத்துல இந்தப் பண்ணு இந்த ராகமா இல்லையான்னு போகும். எனக்கு ரெண்டும் வேணும்.

மலர் விழுப்புரம்:
ரெண்டு நாளா படிச்சிட்டு சும்மா இருந்தேன், எழுதாம இருக்க முடியல.

எங்க தாத்தா பறையடிச்சவர். ஊர்த்தெருவுல சாவுன்னா ஆள் வந்து சேரி முனையில நின்னு குரல் குடுப்பான், போகணும். காய்ச்சலா இருந்தாலும் போகணும். கூலி நெல்லும் சாராயமும். எங்க அப்பா தலைமுறைல தெருப் பசங்க கூடி இனிமே சாவுக்கு அடிக்கறதில்லன்னு முடிவு பண்ணாங்க, ஊருக்கும் தெருவுக்கும் பெரிய பிரச்சினையாச்சு, கொஞ்ச நாள் வயல்ல வேலையே குடுக்கல. எங்க வீட்டுப் பறையைத் தாத்தாவே அடுப்புல வெச்சாருன்னு அப்பா சொல்வார். அப்பா படிச்சு வாத்தியார் ஆனார். எங்க வீட்ல சீர்காழி கோவிந்தராஜன் பக்திப் பாட்டு தான் காலையில ஓடும், டிவில எங்கயாச்சும் பறைச்சத்தம் வந்தா ரிமோட் எடுத்து மாத்திடுவார்.

நான் சென்னைக்குப் படிக்க வந்தப்போ ஒரு கலைக்குழுல சேந்து பறை கத்துக்கிட்டேன். வைக்கோலைக் கொளுத்தி தோலைச் சூடு காட்டுறது, விரல்ல சுண்டிப் பார்த்து மறுபடி காட்டுறது, இடது கைல சிண்டுகுச்சி வலது கைல அடிகுச்சி, தோள்ல மாட்டி இடுப்போட சாய்ச்சுக்கிட்டு ஆடிக்கிட்டே அடிக்கறது. முதல் தடவை இருவது பேரு ஒண்ணா அடிச்சப்போ நெஞ்சுக்குள்ள ஏதோ உடைஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்பாகிட்ட சொன்னேன். அவர் கோவப்படல. "நீ விரும்பிப் போய் அடிக்கற, அவர் கூப்பிட்டா போயே ஆகணும், ரெண்டும் ஒண்ணில்லம்மா, எனக்கு அந்தச் சத்தத்துல கூப்பிடற குரல் தான் கேக்குது"ன்னார். இன்னைய வரைக்கும் என் நிகழ்ச்சி ஒண்ணுக்கும் வந்ததில்ல.

இப்ப எங்க பயிற்சிக்கு ஐடி கம்பெனி ஆளுங்க நெறைய வர்றாங்க, சந்தோஷம் தான். ஒருத்தர் நல்ல எண்ணத்துல தான் சொன்னார், "உங்களுக்கு இது ரத்தத்துலயே இருக்குல்ல"ன்னு. நான் கத்துக்க எட்டு மாசம் ஆச்சு, விரல் தோல் உரிஞ்சு கத்துக்கிட்டேன், ரத்தத்துல இருந்திருந்தா அது எதுக்கு.

எட்டரை ஐயாவுக்கு ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. நீங்க ரசிக்கற மிருதங்கமும் தோல் தான, ஆட்டுத்தோல் மாட்டுத்தோல் ரெண்டும் இருக்கு. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செஞ்சு குடுத்த பர்லாந்து மாதிரி பெரிய கைவினைக்காரங்க தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள்லேந்து வந்தவங்க. அந்தத் தோல் சபா மேடைல கேட்டா தெய்வீகம், இந்தத் தோல் தெருவுல கேட்டா இழவு. இதுல காதுப் பயிற்சி எங்க வருது?

எட்டரைக் கட்டை:
கோவம் எதுக்கும்மா. நீங்க கேட்டதுக்கு எங்கிட்ட நல்ல பதில் கிடையாது. பர்லாந்து பேரை வித்வான்கள் தங்களுக்குள்ள மரியாதையா சொல்வாங்க, மேடைல ஏறி யாரும் சொல்லிக் கேட்டதில்ல. ஆனா ஒரு இடத்துல நான் நிப்பேன், மிருதங்கத்துல இருக்கற கணக்கு, ஒரு தனி ஆவர்த்தனம் புரியறதுக்கு எனக்கு வருஷக்கணக்கு ஆச்சு. பறைலயும் அடவு இருக்கு, கணக்கு இருக்குன்னு நீங்க சொன்னா எனக்குக் கேக்க ஆசை, எனக்கு அது பிரிச்சுக் கேக்கத் தெரியல. கேக்கற இடத்துக்கு நான் போனதில்லன்னு வெச்சுக்குங்க.

மலர் விழுப்புரம்:
ஐயா நீங்க போகாதது தான் கேசட் அண்ணன் முதல் பதிவுல சொன்ன விஷயமே 🙂

நெறியாளர்:
இந்த இடத்துல வந்த மூணு பதிவுகளை எடுத்திருக்கேன். சாதிப் பேரை வசவா எழுதறவங்களுக்கு எச்சரிக்கை கிடையாது, நேரா தடை. மத்தவங்க தொடருங்க, இழை நல்லா போகுது.

இணுவில்க்காரன்:
வணக்கம், யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு கதை. இஞ்ச பள்ளிக்கூடங்களுக்கு நடுவில பெரிய கிரிக்கெட் மட்ச் நடக்கும், யாழ் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் நடக்கிறதை வடக்கின் பெருஞ்சமர் எண்டு சொல்லுவம், 1904இல தொடங்கினது. மட்ச் எண்டா பப்பரே பாண்ட் இல்லாமல் இல்லை. ட்ரம்பெட், ட்ரம், ஒரே அடி, பெரும்பாலும் பைலா மெட்டு, இடைக்கிடை சிங்களப் பாட்டு, தமிழ்ப் படப்பாட்டு எல்லாம் அதே அடியில போகும். பைலா எண்டது போர்த்துக்கேயர் காலத்து மிச்சம், ஆபிரிக்காவிலயிருந்து கொண்டு வந்த காப்பிலி சனத்தின்ர பாட்டும் அதில கலந்திருக்கு.

இதில விசயம் என்னெண்டா, எங்கட வீட்டில அப்பா தவில் நாதஸ்வரம் தவிர ஒண்டும் சங்கீதமே இல்லை எண்டு நிக்கிற மனுசன், இணுவில் எண்டா தவில் நாதஸ்வரத்துக்குப் பேர்போன ஊர், தெரியும்தானே. வீட்டில பைலா போட்டால் "உது என்ன குடிகாரக் கூத்து" எண்டு பேசுவார். ஆனால் மட்ச் அண்டைக்கு தன்ர பழைய பள்ளிக்கூடத்துக் கொடியைத் தோளில போட்டுக்கொண்டு பப்பரேக்கு ஆடுவார், கண்ணால கண்டனான்! கொழும்பிலயும் உப்பிடித்தான், தமிழ்ப் பொடியன் சிங்களப் பொடியன் முஸ்லிம் பொடியன் எல்லாம் ஒரே கொடிக்குக் கீழ ஆடுவினம், வெளியில வந்தால் ஆளாளுக்கு வேற பாட்டு. ஆக ஒருத்தனுக்கு ஒரு கூட்டம் எண்டில்லை, இருக்கிற இடத்துக்கு ஏற்ற மாதிரி காதும் மாறுது.

எழுபதுகளில நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவை பாடின தமிழ்ப் பொப்பிசையும் அந்த பைலா அடிதான். பெரியாக்கள் அண்டைக்கு முகம் சுழிச்சவை. இப்ப கனடாவில கலியாண வீட்டில அதே பெரியாக்கள் "எங்கட பாட்டு" எண்டு கேட்டுப் போடச் சொல்லினம். ஊரை விட்டு வந்தாப் பிறகு முந்தி வேண்டாம் எண்டதும் சொந்தமாப் போச்சு.

கிள்ளான் மச்சான்:
நம்ம மலேசியா கதையும் கேளுங்க. இங்க உறுமி மேளம்னா ரெண்டு கட்சி. தைப்பூசத்துக்கு பத்துமலைக்கு வந்திருந்தா தெரியும், ஒரே மாதிரி டீசர்ட்டு, முதுகுல குழு பேரு, வளைஞ்ச குச்சியால ஒரு பக்கம் தேய்க்க தேய்க்க உறுமி முனகும், அடுத்த பக்கம் அடி, காவடி எடுத்தவருக்கு அருள் வர்ற வரைக்கும் விட மாட்டானுங்க. பசங்க முக்காவாசி தோட்டத்துல பொறந்தவங்களோட பிள்ளைங்க. தோட்டத்தை வித்து வீடு கட்டினப்போ எல்லாரையும் அடுக்குமாடிக்குத் தள்ளிட்டாங்க, கோயிலும் போச்சு, திடலும் போச்சு. உறுமிக் குழு தான் அவனுக்கு மிச்சம் இருக்கற தோட்டம். டாக்டர் வக்கீல் தமிழருங்க வீட்ல கேட்டா "அது கேங்கு பசங்க சத்தம், நம்ம மானம் போகுது"ன்னு சொல்வாங்க. அவங்க பிள்ளைங்க பரதநாட்டியம் கத்துக்கும். ரெண்டுமே நம்ம பண்பாடு தான், ஆனா பிரேம் போட்டு ஹால்ல மாட்டறதுக்கு ஒண்ணு தான் ஆகும்னு நினைக்கறாங்க.

பக்கத்துல சிங்கப்பூர்ல 1973லேந்து தைப்பூச ஊர்வலத்துல வாத்தியம் அடிக்கத் தடை. 2015ல அதை வெச்சு போலீசோட தள்ளுமுள்ளு ஆச்சு, மறு வருஷம் வழியில சில இடத்துல மட்டும் நேரடி இசைக்கு விட்டாங்க. தடை வந்து நாப்பது வருஷம் ஆச்சே, அப்ப பொறக்காத பையன் எதுக்கு அதுக்காக நின்னான்? அடிக்க விடாததாலயே அது அவனோடது ஆயிடுச்சு, என் கருத்து. பேங்க்ல வேலை பாக்கற பையன் கூட தைப்பூசத்துக்கு உறுமி தூக்கிட்டு வர்றான் இப்ப.

பிராட்வே பையன்:
மலர் அக்கா எழுதுனது நெஞ்சுல நிக்குது. எங்க அம்மாவும் அதே தான், "சாவுக்குப் பாடறவன்னு பேர் வாங்காத, பொண்ணு குடுக்க மாட்டாங்க"ன்னு. 2018 ஜனவரில கீழ்ப்பாக்கத்துல டைரக்டர் பா. ரஞ்சித்தோட நீலம் அமைப்பு ஏற்பாட்டுல கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற இசைக்குழுவோட முதல் நிகழ்ச்சி நடந்துச்சு, நான் போயிருந்தேன். கானா பாடகருங்க, பறை, சட்டி, கூடவே கிட்டார் டிரம்ஸு, எல்லாரும் கோட் சூட்டு. எங்க ஏரியா வார்த்தை, எங்க ஏரியா இழுப்பு, அவ்ளோ பெரிய ஸ்பீக்கர்ல, யாரையும் கிண்டல் பண்ண இல்லாம. அதுல பாடுன இசைவாணியை 2020ல பிபிசி 100 பெண்கள் பட்டியல்ல போட்டாங்க, ஆம்பளைங்க மட்டுமே பாடிட்டிருந்த கானால ஒரு பொண்ணு. அந்த பேப்பர் கட்டிங்கை அம்மாகிட்ட காட்டுனேன், அதுக்கப்புறம் பொண்ணு பேச்சை எடுக்கறதில்ல.

ஆனா எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, கேட்டுடறேன். அன்னைக்குக் கைத்தட்டுன வேளச்சேரி அடையாறு ஆளுங்க எத்தனை பேரு எங்க தெரு சாவுக்கு வந்து ஒரு ராத்திரி உக்காருவாங்க? மேடை ஏறுனா தான் பாட்டா? இல்ல அவங்க கேக்கறதே போதும்னு விட்டுடணுமா? எனக்குத் தெளிவு இல்ல, ரெண்டு பக்கமும் மனசு போகுது.

தரவு தங்கராசு:
@பிராட்வே பையன் பூர்தியூன்னு பிரெஞ்சுக்காரர் ஒருத்தர் 1979ல எழுதுனது இது தான், எது உயர்ந்த ரசனைங்கறதை முடிவு பண்ற இடத்துல யாரு உக்காந்திருக்காங்கறது தான் கேள்வின்னு. அவங்க வந்து ஏத்துக்கிட்டா தான் பாட்டுன்னு ஆனா அதிகாரம் மறுபடி அவங்ககிட்ட தான் இருக்கு. ஆனா அவர் காலத்து பிரான்ஸ்ல மேல்தட்டு ஆளு கீழ்தட்டுப் பாட்டைத் தொட மாட்டான், இப்ப தொடறான், எல்லாத்தையும் தொடறதே பெருமை. அதனால சண்டை "எது கேக்கற"லேந்து "எங்க உக்காந்து, எப்படிக் கேக்கற"க்கு நகந்துடுச்சு. நீங்க கேட்டதும் அது தானே.

எட்டரை சார் காதுக்காக ஒண்ணே ஒண்ணு. பொலிவியால சிமானேன்னு ஒரு பழங்குடி, 2016ல அவங்களை வெச்சு நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. நமக்கு நாராசமா கேக்கற ஸ்வரச் சேர்க்கையும் இனிமையா கேக்கறதும் அவங்களுக்கு ஒண்ணு போலத் தான் இருந்துச்சாம், ரெண்டும் ஓகே. கூடப் பாடறது, பல குரல் சேர்ந்து போறது அவங்க இசைல வழக்கம் இல்ல. அபஸ்வரம்னு நாம முகம் சுளிக்கறதே பொறந்து வளந்த இடம் குடுத்தது போல.

எட்டரைக் கட்டை:
அப்ப பயிற்சின்னு நான் சொன்னதும் இடம்னு நீங்க சொன்னதும் கிட்டக் கிட்ட வருது. இருக்கட்டும். மலர் அம்மா, உங்க குழு அடுத்து எங்க வாசிக்கறீங்க? உக்கார நாற்காலி இருக்குமா, முழங்கால் தேஞ்சு போச்சு.

மலர் விழுப்புரம்:
அடுத்த மாசம் இருக்கு ஐயா, தேதி முடிவானதும் இங்கயே போடறேன். நாற்காலி இருக்கும், ஆனா முன் வரிசைல உக்காராதீங்க, காது அடைச்சிடும். தள்ளி உக்காந்தா தான் அடவு மாறுறது பிரிஞ்சு கேக்கும், மாறுற இடத்துல தலையாட்டுறேன், பாத்துக்குங்க.

டபுள் பேஸ்:
அக்கா நானும் வரலாமா, மதுரைலேந்து பஸ் ஏறிடறேன். கருப்பு டீசர்ட்டு தான் இருக்கு பரவால்லையா.

பிராட்வே பையன்:
வாடா தம்பி, எங்க செட்டும் பாதி கருப்பு டீசர்ட்டு தான்.